விஞ்ஞானம் மாற்றிப் பேசுகிறதா?

பகுத்தறிவைப் பற்றி எந்த ஊரில் பேசப் போனாலும், கூட்டம் முடிகின்ற சமயத்தில் யாராவது ஒருவர் எழுந்து கேட்கின்ற கேள்வி ஒன்றுண்டு. "உங்கள் விஞ்ஞானம் நேற்று ஒன்று சொல்லிற்று, இன்று வேறொன்று சொல்லுகின்றது, நாளைக்கு என்ன சொல்லுமோ யாருக்குத் தெரியும்? எங்கள் சாஸ்திரமோ ஆதிநாள் தொட்டு ஒரே வார்த்தையாய் இருக்கின்றது. இதில் எதை நம்புவது?" என்பதுதான் அது. கேட்டவர் ஏதோ பெரிய பாணத்தைத் தொடுத்து விட்டதாக நினைத்துக்கொண்டு, சுற்றுமுற்றும் ஒரு பார்வை பார்த்துவிட்டு உட்காருவார். கூட்டத்தில் நாலு பேர் தலையை ஆட்டுவதும் உண்டு. அப்படித் தலையை ஆட்டுகின்றவர்கள் எல்லோரும் நமக்கு விரோதிகளல்ல. உண்மையிலேயே சந்தேகப்பட்டு ஆட்டுகின்றவர்களும் இருக்கின்றார்கள். அவர்களுக்காகவே இதை எழுதுகின்றோம்.

இந்தக் கேள்விக்குப் பொதுப்படையாகப் பதில் சொன்னால் பேச்சு வளருமே ஒழிய விஷயம் விளங்காது. ஆதலால் விஞ்ஞானம் உண்மையிலேயே தன் வார்த்தையை மாற்றிக்கொண்ட சங்கதி ஒன்றையே எடுத்துக்கொண்டு, அது எப்படி மாறிற்று, யார் மாற்றினார்கள், எதைக் கண்டு மாற்றினார்கள் என்று பார்த்து விடுவோம். அந்தச் சங்கதி வேறெங்கும் இல்லை. இதைப் படிக்கின்ற ஒவ்வொருவர் தலைக்குள்ளும் இருக்கின்றது. பிரமன் எழுதின எழுத்தைப் பற்றியல்ல நாம் சொல்லுவது. மண்டை ஓட்டுக்கு உள்ளே இருக்கின்ற மூளையின் கிளைகளைப் பற்றித்தான்.

மனித மூளையில் ஏறக்குறைய 8,600 கோடி நரம்பணுக்கள் இருக்கின்றன. ஒரு நரம்பணுவைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால், வேரோடு பிடுங்கி வைத்த ஒரு சிறு மரம் போலிருக்கும். நடுவில் ஒரு உடல். உடலிலிருந்து நாலா பக்கமும் கிளையும், கிளைக்குக் கிளையுமாய்ப் படர்ந்திருப்பவற்றை 'டெண்ட்ரைட்' என்பார்கள். மரம் என்று பொருள்படும் கிரேக்க வார்த்தையிலிருந்து வந்த பெயர் அது. நாம் கிளை என்றே சொல்லுவோம். அதே உடலிலிருந்து நீளமான வால் ஒன்று புறப்பட்டு மற்ற அணுக்களை நோக்கிப் போகின்றது. அதற்கு 'ஆக்ஸான்' என்று பெயர். ஒரு அணுவின் வால் வந்து இன்னொரு அணுவின் கிளையைத் தொடாமல் தொட்டுக்கொண்டு நிற்கின்ற இடந்தான் சந்தி. மூளையின் மேற்பட்டையிலுள்ள பெரிய அணு ஒன்றின் கிளைகளில் இப்படி ஆயிரக்கணக்கான சந்திகள் உண்டு. சிறுமூளையிலுள்ள பெரிய அணு ஒன்றிலோ லட்சத்துக்கும் மேல். நாம் பார்ப்பதும், கேட்பதும், கோபிப்பதும், கணக்குப் போடுவதும் எல்லாம் இந்தச் சந்திகளில் நடக்கின்ற போக்குவரத்தினால்தான்.

இந்தக் கிளைகள் எதற்கு இருக்கின்றன? இத்தாலி தேசத்து கோல்ஜி என்பவர் 1873-ல் வெள்ளி உப்பைக் கொண்டு நரம்பணுவைக் கறுப்பாகச் சாயம் ஏற்றிப் பார்க்கின்ற முறையைக் கண்டுபிடித்தார். அந்தச் சாயத்தில் ஒரு விசேஷம் என்னவென்றால், அது எல்லா அணுக்களிலும் ஏறாமல் சிலவற்றில் மட்டும் நுனி வரையில் முழுவதுமாக ஏறும். அதனால்தான் காட்டுக்குள் ஒரு மரத்தைத் தனியாகப் பார்க்க முடிந்தது. ஆனால் அந்தக் கோல்ஜியே கிளைகளைப் பார்த்துவிட்டு, இவை மரத்தின் வேர் மாதிரி அணுவுக்கு ஆகாரம் உறிஞ்சுவதற்காக ஏற்பட்டவை என்று முடிவு கட்டினார். செய்தி போவதற்கும் கிளைக்கும் சம்பந்தமில்லை என்பது அவர் கட்சி.

ஸ்பெயின் தேசத்து ரமோன் இ காஹால் என்பவர் அதே சாயத்தை எடுத்துக்கொண்டு, வளர்ந்த மிருகத்தின் மூளையை விட்டுவிட்டு, குஞ்சுகளின் மூளையிலும் கருவிலுள்ள மூளையிலும் ஏற்றிப் பார்த்தார். அவற்றில் அணுக்கள் இன்னும் நெருக்கமாகப் பின்னிக்கொள்ளாமல் இருக்குமாதலால் ஒவ்வொன்றும் தெளிவாகத் தெரிந்தது. பார்த்து, கிளைகள் ஆகாரம் உறிஞ்சும் வேரல்ல, செய்தியை வாங்குகின்ற வழி. செய்தி கிளையில் நுழைந்து, உடலுக்கு வந்து, வால் வழியாக வெளியே போகின்றது என்று சொன்னார். தான் வரைந்த படங்களில் அந்தப் போக்கைக் காட்டுவதற்கு அம்புக்குறி போட்டார். 1906-ல் இந்த இருவருக்கும் சேர்த்து நோபல் பரிசு கொடுத்தார்கள். பரிசு வாங்கின அந்த மேடையிலேயே கோல்ஜி, காஹாலின் கொள்கை தப்பு என்று பிரசங்கம் செய்தார். ஆனாலும் உலகம் காஹால் பக்கமே நின்றது. கோல்ஜியின் சாயம் நின்றது. கோல்ஜியின் அபிப்பிராயம் போய்விட்டது. இது முதல் மாறுதல்.

நிற்க, இரண்டாவது மாறுதல்தான் நாம் சொல்ல வந்தது. காஹால் சொன்னதிலிருந்து வந்தவர்கள் ஒரு முடிவுக்கு வந்தார்கள். அதாவது, கிளை செய்தியை வாங்குகின்றது, அவ்வளவுதான். யோசனை ஏதாவது இருந்தால் அது உடலுக்கும் வாலின் தொடக்கத்துக்கும் உரியது. கிளைக்குக் கொண்டுவந்து கொட்டுவதைத் தவிர வேறு வேலையில்லை. இதை விளக்குவதற்கு நமக்குத் தெரிந்த இரண்டு வஸ்துக்களைச் சொல்லுவோம். வாலில் போகின்ற செய்தி, திரியில் போகின்ற நெருப்பு மாதிரி. ஒரு முனையில் பற்றவைத்தால் அடுத்த இடத்தைத் தானே பற்றவைத்துக்கொண்டு, குறையாமல் கடைசி வரையில் போய்ச் சேரும். அணுவின் தோலில் சோடியம், பொட்டாசியம் என்கின்ற உப்புச் சத்துகளை விடுவதற்கும் தடுப்பதற்கும் நுண்ணிய வாசல்கள் இருக்கின்றன. மின் அழுத்தம் ஒரு அளவுக்கு ஏறினால் வாசல் படீரென்று திறக்கும்; அதனால் ஏறுகின்ற அழுத்தம் பக்கத்து வாசலைத் திறக்கும்; இப்படியே போகும். ஒரு துடிப்பு நீடிப்பது ஒரு வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குதான். ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி என்கின்ற இருவர் கணவாய் மீனின் பருத்த நரம்பை வைத்துக்கொண்டு, கையால் சுற்றுகின்ற கணக்கு யந்திரத்தில் கணக்குப் போட்டு, 1952-ல் இதை நிரூபித்தார்கள்.

கிளையிலோ அப்படிப்பட்ட வாசல்கள் இல்லை, அது கழனிக்குப் போகின்ற வாய்க்கால் மாதிரி என்பது அந்தக் காலத்து எண்ணம். மதகில் எவ்வளவு தண்ணீர் விட்டாலும் போகப் போகக் கசிந்து, கடைமடைக்கு வருகின்றபோது நனைவதற்குக்கூடப் போதாது. கிளையின் நுனியில் வந்து விழுகின்ற செய்தியும் அப்படியே உடலுக்கு வருவதற்குள் கசிந்து போய்விடும். ஆகவே நுனிக் கிளையிலுள்ள சந்திகளுக்கு அணுவின் முடிவில் அதிக ஓட்டு இல்லை என்றார்கள். 1943-ல் மெக்கல்லாக், பிட்ஸ் என்பவர்கள் நரம்பணுவைக் கணக்கு வடிவத்தில் எழுதினபோது கிளையை அறவே விட்டுவிட்டார்கள். வந்ததையெல்லாம் கூட்டு, தொகை இன்ன அளவுக்கு மேல் போனால் ஆம் என்று சொல், இல்லையேல் சும்மா இரு. அவர்கள் போட்ட கணக்கில் ஒரு நரம்பணு என்றால் இவ்வளவுதான்.

இந்த எண்ணம் எப்படி நிலைத்தது என்றால், யாரும் புரட்டுச் செய்ததினாலல்ல. கருவி போதாமல்தான். ஊசி முனையை அணுவின் உடலுக்குள் குத்தி மின்சாரத்தை அளக்கத் தெரிந்திருந்தது. ஆனால் கிளையின் கனம் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஓரிரு பங்கு. அதில் எங்கே குத்துவது? உடலில் அளந்ததை வைத்துக்கொண்டு கிளையைப் பற்றி ஊகித்தார்கள். வாசலில் உட்கார்ந்துகொண்டு கொல்லையில் நடப்பதைச் சொன்ன கதைதான்.

அந்த ஊகத்தை முதலில் ஆட்டிவிட்டவர் வைத்தியரல்ல, பௌதிகம் படித்தவர். அமெரிக்கரான வில்பிரிட் ரால் என்பவர், நியூசிலாந்தில் டுனெடின் நகரில் எக்கில்ஸ் என்கின்ற பெரிய நரம்பு விஞ்ஞானியிடம் வேலை பார்த்தவர். கடலுக்கடியில் தந்திக் கம்பி போடுகின்ற காலத்தில், நீண்ட கம்பியில் மின்சாரம் எப்படிக் கசிந்து பரவும் என்று கெல்வின் பிரபு 1855-ல் கணக்குப் போட்டு வைத்திருந்தார். ரால் அந்தத் தந்திக் கணக்கைக் கொண்டுவந்து மூளைக் கிளைக்குப் போட்டார். போட்டுப் பார்த்ததில், எக்கில்ஸும் மற்றவர்களும் மின்சாரத்தில் பெரும் பங்கு கிளைகளுக்குள் ஓடுவதைக் கணக்கில் விட்டுவிட்டார்கள் என்றும், கிளைகளின் செல்வாக்கு அவர்கள் நினைத்ததைவிட மிக அதிகம் என்றும் 1959-ல் வெளிப்படுத்தினார். எக்கில்ஸ் சாமானியப்பட்டவரல்ல, 1963-ல் நோபல் பரிசு பெற்றவர். அவருக்கு எதிராக அவரிடம் வேலை பார்த்தவரே கணக்கை நீட்டினார். அதற்காக யாரும் ராலை நாஸ்திகன் என்று ஊரைவிட்டு விலக்கவில்லை. வருஷக் கணக்கில் வாதம் நடந்தது. 1964-ல் ரால் இன்னொன்றும் சொன்னார்: ஒரே கிளையில் ஒரே சந்திகளில் செய்தி விழுந்தாலும், நுனியிலிருந்து அடியை நோக்கி வரிசையாய் விழுந்தால் ஒரு பலன், அடியிலிருந்து நுனியை நோக்கி விழுந்தால் வேறொரு பலன் என்று. வெறும் கணக்கில் சொன்ன இந்த வரிசை விஷயத்தை 2010-ல் லண்டனில் எலியின் மூளைத் துண்டில் செய்து பார்த்தார்கள். வரிசை மாறினால் பலன் மாறத்தான் மாறிற்று.

இது இப்படியிருக்க, கிளையில் தானாகவே துடிப்பு கிளம்புகின்றது என்பதற்கும் அடையாளங்கள் வர ஆரம்பித்தன. 1961-ல் ஸ்பென்சர், காண்டெல் என்பவர்கள் பூனையின் மூளையில், பெரிய துடிப்புக்கு முன்னால் குட்டித் துடிப்பு ஒன்று வருவதைக் கண்டு, இது கிளையிலிருந்து வருவதாக இருக்க வேண்டும் என்றார்கள். 1968-ல் லினாஸ் என்பவரும் அவரோடு சேர்ந்தவர்களும் முதலையின் சிறுமூளையில் அதே மாதிரி கண்டார்கள். பலர் உடனே நம்பவில்லை. நம்பாததை நாம் தப்பென்று சொல்ல மாட்டோம். "கிளைக்குள்ளேயே வைத்து அளந்து காட்டு" என்று கேட்பது நியாயமான கேள்விதானே. காட்டினார்கள். 1979-லும் 1980-லும் கிளைக்குள்ளேயே ஊசி செலுத்திப் பார்த்து, கால்சியம் வாசல்களால் கிளம்புகின்ற துடிப்புகளைப் பதிவு செய்தார்கள்.

சந்தேகத்துக்கு இடமில்லாமல் செய்தது ஜெர்மனியில் ஹைடல்பர்க் நகரத்து வேலை. நுண்ணிய கண்ணாடிக் குழாயின் வாயை அணுவின் தோலில் ஒட்டவைத்து மின்சாரத்தை அளக்கும் முறையைக் கண்டுபிடித்ததற்காக நேயர், சாக்மன் என்கின்ற இருவர் 1991-ல் நோபல் பரிசு பெற்றார்கள். அந்தக் குழாயையே 1994-ல் ஸ்டூவர்ட்டும் சாக்மனும் எலியின் அணுவில் உடலில் ஒன்றும் கிளையில் ஒன்றுமாக ஒரே சமயத்தில் ஒட்டவைத்தார்கள். அப்போது தெரிந்ததென்ன? துடிப்பு வாலில் முன்னோக்கி மட்டும் போகவில்லை. கிளைக்குள் பின்னோக்கியும் ஏறுகின்றது. வெறும் கசிவாக அல்ல, கிளையிலுள்ள சோடிய வாசல்கள் அதைத் தூக்கிவிட்டுக்கொண்டே ஏறுகின்றது. காஹால் போட்ட அம்புக்குறிக்கு எதிர்த்திசையில் இன்னொரு அம்புக்குறி போட வேண்டியதாயிற்று. 1997-ல், கிளையின் நுனிக்குப் போகப் போகப் பொட்டாசிய வாசல் ஒருவகை அதிகமாகிக்கொண்டே போய், கிளை மிஞ்சித் துடிக்காமல் முட்டுக்கட்டை போடுகின்றது என்று வேறு சிலர் கண்டார்கள். இந்த முட்டுக்கட்டையை வாசகர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் வருகின்றோம்.

1999-ல் லார்க்கம், ஜூ, சாக்மன் என்பவர்கள் கண்டதுதான் எல்லாவற்றிலும் ரசமானது. மேற்பட்டையிலுள்ள பெரிய அணுவின் அடிக்கிளைகளுக்குப் பெரும்பாலும் வெளியிலிருந்து வருகின்ற செய்தி கிடைக்கின்றது; உச்சிக்கிளைக்கோ மூளையின் மற்றப் பகுதிகளிலிருந்து, அதாவது முன் அனுபவம், எதிர்பார்ப்பு ஆகியவற்றின் பக்கத்திலிருந்து செய்தி வருகின்றது. உச்சிக்குத் தனியாக வந்த லேசான செய்தி உடலில் அநேகமாய்த் தெரியவேயில்லை. அடியில் மட்டும் வந்தால் ஒரு துடிப்பு. இரண்டும் ஆயிரத்தில் சில பங்கு வினாடிக்குள் ஒன்றாய்ச் சேர்ந்தால், பின்னோக்கி ஏறின துடிப்பும் மேலிருந்து வந்த செய்தியும் கூடி, கிளையில் பெரிய கால்சியத் துடிப்பு வெடித்து, அணு இரண்டு மூன்று துடிப்பாய்ப் பொரிந்து தள்ளுகின்றது. அதாவது, வெளியில் கண்டதும் உள்ளே நினைத்ததும் ஒத்துப்போகின்றதா என்று ஒரு தனி அணுவே தன் கிளையைக் கொண்டு சோதிக்கின்றது! 2000-ல் இன்னொரு விதமான துடிப்பும் மெல்லிய அடிக்கிளைகளில் அகப்பட்டது. அதன் வாசலை மக்னீசியம் அடைத்துக்கொண்டிருக்கும். குளூட்டமேட் என்கின்ற சரக்கும் வரவேண்டும், அழுத்தமும் ஏற்கெனவே ஏறியிருக்க வேண்டும், அப்போதுதான் திறக்கும். ஊர்ப் பொதுப்பணப் பெட்டிக்கு இரண்டு சாவி போட்டு இரண்டு பேரிடம் கொடுத்து வைத்திருப்பது போல. ஒரே கிளையில் பக்கத்துப் பக்கத்துச் சந்திகள் சேர்ந்து கூவினால் கேட்கும். அங்கொன்று இங்கொன்றாய்க் கூவினால் கேட்பதில்லை.

துண்டு போட்ட மூளையில் கண்டது உயிருள்ள பிராணியில் நடக்குமா என்ற கேள்விக்கும் பதில் வந்தது. 2016-ல் பெர்லினில், மீசை அசைந்ததைத் தெரிவிக்கும்படி சுண்டெலிகளைப் பழக்கி, இந்த உச்சிக்கிளைகளின் துடிப்பை அடக்கிப் பார்த்தார்கள். அடக்கினபோது லேசான அசைவு சுண்டெலிக்குத் தெரியாமல் போய், பலமாய் அசைத்தால்தான் தெரிந்தது. கிளை வெறும் வாய்க்காலாயிருந்தால் இப்படி நேருமா?

மனிதனுடைய கிளையையும் பார்த்தாகி விட்டது. வலிப்பு நோய்க்காகவும் கட்டிக்காகவும் மண்டையைத் திறந்து அறுவை செய்தவர்களிடமிருந்து, எப்படியும் எடுத்தெறிய வேண்டியிருந்த மூளைத் துண்டை வாங்கி உயிரோடு வைத்துக்கொண்டு, பெர்லினில் கிடான், லார்க்கம் முதலானவர்கள் 2020-ல் ஒரு புதுமையைக் கண்டார்கள். அந்தக் கிளைத் துடிப்பு, தூண்டுதல் போதுமான அளவுக்கு வந்தவுடன் உச்சமாய் இருக்கின்றது. தூண்டுதலை மேலும் பலப்படுத்தினால் அடங்கிப் போகின்றது. இரண்டு பேரில் யாராவது ஒருவர் மட்டும் கூப்பிட்டால் என்ன என்பான், இருவரும் சேர்ந்து கூப்பிட்டால் வாய் திறக்கமாட்டான் என்கின்ற மாதிரி. அளந்த அளவைக் கொண்டு கணக்கிட்டதில், இப்படி 'ஒன்று மட்டும்' என்று பிரித்தறிகின்ற வேலையை ஒரு கிளையே செய்யக்கூடும் என்று தெரிந்தது. கூட்டிப் பார்த்து ஆம் சொல்லுகின்ற கணக்கணுக்களை ஒரே வரிசையாய் வைத்தால் இந்த வேலையைச் செய்ய முடியாது என்று மின்ஸ்கி, பேப்பர்ட் என்பவர்கள் 1969-லேயே காட்டியிருந்தார்கள். எருசலேமில் 2021-ல் செய்த கணக்கின்படி, எலியின் ஒரே ஒரு பெரிய அணுவின் போக்கை அந்தக் கணக்கணுக்களைக் கொண்டு காப்பி அடிக்க வேண்டுமானால் அவற்றை ஐந்து முதல் எட்டு அடுக்கு வரையில் அடுக்க வேண்டியிருக்கின்றது. ஆகையால், யந்திரத்திலுள்ள அணுவும் மூளையிலுள்ள அணுவும் ஒன்றே என்று சொல்லி யந்திர மூளை விற்கின்றவர்கள், விற்கட்டும். அந்த ஒரு வார்த்தையை மட்டும் திருத்திக்கொள்ளட்டும்.

இப்போது கேள்வி கேட்டவருக்கு வருவோம். கிளை ஆகார வேர் என்றார்கள். இல்லை, வாய்க்கால் என்றார்கள். அதுவுமில்லை, தானே யோசித்துத் துடிக்கின்றது என்கின்றார்கள். மூன்று பேச்சு ஆயிற்று, வாஸ்தவம். ஆனால் ஒவ்வொரு தடவையும் எது மாற்றிற்று? சாயம், கணக்கு, ஊசி, கண்ணாடிக் குழாய். பழைய பேச்சில் நின்றது எது, விழுந்தது எது என்றும் பார்க்க வேண்டும். காஹால் வரைந்த படங்கள் நிற்கின்றன. கிளையில் செய்தி விழுகின்றது என்பது நிற்கின்றது. 'கிளைக்கு வேறு வேலையில்லை' என்று பார்க்காமலே சேர்த்துக்கொண்ட ஒரு வால் மட்டுந்தான் அறுந்தது. ஆதிமுதல் மாறாத சாஸ்திரம் மூளைக்குள் கிளை இருக்கின்றது என்றாவது எங்கேயாவது சொல்லியிருந்தால், அது மாறாமல் இருப்பதைப் பற்றிப் பேசலாம். சொல்லாத வார்த்தைக்கு மாறுவதேது?

நம்மவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். இந்தச் சங்கதியைக் கேட்டவுடன், பார்த்தாயா, இயற்கையிலேயே தலைமைக்கு மட்டும் யோசனை என்பதில்லை, கிளைகளே தீர்மானிக்கின்றன, ஆகவே மேல்ஜாதிக்காரன் சொல்லுவது பொய் என்று மேடையில் முழங்க நம் தோழர்களுக்கு ஆசை வரும். வேண்டாம். மனிதனுக்கு மனிதன் தாழ்ந்தவனல்ல என்பதற்கு எலியின் மூளை சாக்ஷி சொல்ல வேண்டியதில்லை. நாளைக்கு எலி மூளையில் வேறொன்று தெரிந்தால் அந்த நியாயத்தை விட்டுவிடப் போகின்றோமா?

பெரியவர் சொன்னார் என்பதற்கும் இதிலேயே ஒரு திருஷ்டாந்தம் இருக்கின்றது. மேலே சொன்ன எக்கில்ஸ், தேகத்துக்கு வேறாக ஆத்மா உண்டு என்று நம்பினவர். 1990-ல் அவர், கிளைக் கொத்துக்கு ஒரு ஆத்மத் துண்டு வீதம் வந்து உட்கார்ந்து வேலை செய்வதாக ஒரு கொள்கையே எழுதினார். நோபல் பரிசு வாங்கினவர் சொன்னதாயிற்றே என்று யாரும் அதை ஒப்புக்கொண்டு விடவில்லை. ஒரு கருவியிலும் அந்தத் துண்டு அகப்படவுமில்லை. அகப்பட்டது வேறு. மயக்க மருந்து கொடுத்தால் நினைவு எங்கே போகின்றது என்பது பழைய கேள்வி. 2020-ல் சுஸுகி, லார்க்கம் என்பவர்கள் சுண்டெலிக்கு மூன்று வித மயக்க மருந்துகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். மூன்றிலும், உச்சிக்கிளைக்கும் உடலுக்கும் உள்ள தொடர்பு அறுந்துபோகின்றது. மருந்து தெளிந்தால் திரும்பிவிடுகின்றது. இது சுண்டெலியில் கண்டது. மனிதனின் நினைவுக்கு இதுவே முழுக் காரணம் என்று அவர்களும் சொல்லவில்லை, நாமும் சொல்லவில்லை.

கடைசியாக, அந்த முட்டுக்கட்டை. கிளை மிஞ்சித் துடிக்காமல் தடுக்கின்ற பொட்டாசிய வாசலைச் சொன்னோமல்லவா? 2004-ல், வலிப்பு நோய் உண்டாக்கின எலிகளின் மூளையில் பார்த்தபோது, ஒரு பகுதி அணுக்களின் கிளைகளில் அந்த வாசல்கள் குறைந்து, கிளைகள் அளவுக்கு மிஞ்சித் துடிப்பது தெரிந்தது. வலிப்புக்குக் காரணம் பலவுண்டு; இது அதில் ஒன்று. ஆனால் அந்தப் பலவற்றிலும் பேய் ஒன்றுகூட இல்லை. உலகத்தில் சுமார் 5 கோடிப் பேருக்கு வலிப்பு நோய் இருக்கின்றது. தக்க மருந்து சாப்பிட்டால் அவர்களில் நூற்றுக்கு எழுபது பேர் வரையில் வலிப்பே வராமல் இருக்க முடியும் என்று உலகச் சுகாதார ஸ்தாபனம் சொல்லுகின்றது. மருந்து மாத்திரைக்குப் பதில் மந்திரிப்பவனிடம் கொண்டுபோய் வேப்பிலை அடி வாங்கிக் கொடுத்து, பெண்ணாயிருந்தால் கல்யாணம் நின்றுவிடுமே என்று மூடி மறைத்து, வருஷக் கணக்கில் சித்திரவதை செய்கின்ற குடும்பங்களை நாம் நேரில் பார்த்திருக்கின்றோம்.

தெருவில் ஒருவர் காக்காய் வலிப்பில் விழுந்தால் சாவிக்கொத்தையும் இரும்பையும் தேடி ஓடாதீர்கள். இரும்பு கையில் இருப்பது கிளைக்குத் தெரியாது. கையைக் காலைப் பிடித்து அமுக்காதீர்கள். வாயில் கரண்டியோ துணியோ தண்ணீரோ எதையும் வைக்காதீர்கள். தலைக்குக் கீழே துண்டை மடித்து வைத்து, கழுத்துப் பொத்தானைத் தளர்த்தி, துடிப்பு நின்றவுடன் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிஷத்துக்கு மேல் போனாலும், நினைவு திரும்புவதற்குள் மறுபடியும் வந்தாலும், உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.